தொலைநோக்கி வில்லையில் பனி பிடிக்காமலிருக்க

பழைய போம் பாயில் ஒரு துண்டு வெட்டி, தொலைநோக்கிக் குழாயின் வாயில் சுருட்டி மாட்டிவிடுங்கள். வில்லையின் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; 80 மி.மீ. வில்லைக்கு 12 முதல் 16 செ.மீ. வரும். பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இரண்டு வளையம் போட்டால் இறுக்கமாக நிற்கும். உட்பக்கம் கறுப்பாயிருந்தால் பக்கத்து வீட்டு லைற் வெளிச்சமும் உள்ளே தெறிக்காது.

திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் பனி படிகிறது. இந்த மறைப்பு வில்லைக்குத் தெரியும் வானத்தைக் குறைத்து, குளிர்வதைத் தாமதமாக்கும். குளமும் வயலும் நிரம்பிக் கிடக்கும் வன்னியின் மார்கழி இரவில், ஓரியன் விண்மீன் கூட்டம் உச்சிக்கு வரும்வரை வில்லை தெளிவாக இருக்க இது பெரிய உதவி.

முன்வில்லைக்குப் பதிலாக அடியில் ஆடி உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்கு, மூடிய குழாயாக இருந்தால், இது பெரும்பாலும் தேவையில்லை, குழாயே மறைப்பு. சோளகம் வீசும் மாதங்களிலும் வேண்டாம், காற்றில் ஆடிக் காட்சியைக் குலுக்கும். ஏற்கெனவே பனி படிந்துவிட்டால் துணியால் துடைக்கவே வேண்டாம், மேற்பூச்சு கீறுப்படும், தானாகக் காயவிடுங்கள்.