இரைச்சலை இனம் கண்டு குறைப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

சாலையில் விடாமல் ஒலிக்கும் ஹாரனும், ஒலிப்பதிவின் பின்னணியில் கேட்கும் ‘உஸ்’ என்ற ஒலியும், இருட்டில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் வண்ணப் புள்ளிகளும், ஒரே பொருளை நான்கு முறை வைத்தால் நான்கு எடை காட்டும் மின்னணுத் தராசின் தடுமாற்றமும் இரைச்சல் என்ற ஒரே பெயரில்தான் வழங்குகின்றன. வேண்டிய தகவலோடு வேண்டாதது கலந்திருக்கிறது என்பது மட்டுமே இவற்றுக்குப் பொதுவானது. தோன்றும் காரணமும் நீக்கும் வழியும் வேறுவேறு. வகை தெரியாமல் மென்பொருளில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பொத்தானை அழுத்துவதால்தான் பலருடைய பதிவுகளில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. காதால் கேட்டே சரிபார்க்கலாம் என்பதால், பெரும்பகுதியை ஒலிப்பதிவைக் கொண்டே விளக்குகிறேன்.

படி 1: வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள்

மைக், கேபிள், கணினி எல்லாவற்றையும் வழக்கம்போல் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் பத்து விநாடிகள் பதிவு செய்யுங்கள். இந்தப் பத்து விநாடிகளில் இருப்பது முழுவதும் இரைச்சல்தான் என்பதால், பின்னால் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் இதுவே அடிப்படை.

படி 2: காதால் கேட்டதைக் கண்ணால் பாருங்கள்

இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அந்தப் பதிவைத் திறந்து, அலைவடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். இடமிருந்து வலமாக நேரமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் செல்லும். பிரகாசமான இடத்தில் ஒலி அதிகம். அதிர்வெண்ணின் மேல் எல்லையை 1000 ஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொண்டால், அடியில் நெருங்கிக் கிடப்பவை பிரிந்து தெரியும். 50, 100, 150 ஹெர்ட்ஸ் அல்லது 60, 120, 180 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் நேரான கிடைக்கோடுகள் தெரிந்தால், அது மின்சாரத்திலிருந்து புகுந்த ரீங்காரம். உங்கள் பகுதியின் மின்சாரம் எந்த அதிர்வெண்ணில் வருகிறதோ அதன் மடங்குகளில்தான் இக்கோடுகள் விழும். எல்லையை மறுபடி உயர்த்திப் பார்க்கும்போது காட்சி முழுவதும் சீரான மூட்டமாக இருந்தால், அது ‘உஸ்’ என்று கேட்கும் தற்செயல் இரைச்சல். திடீரென எழுந்து மறையும் செங்குத்துக் கீற்றுகள் நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்தியது போன்ற நிகழ்வுகளைக் காட்டுகின்றன.

படி 3: வகைக்கு ஏற்ற மருந்து

ரீங்காரத்தை மென்பொருளுக்குக் கொண்டு செல்வதற்கு முன் அதன் வாயிலை அடைக்கப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மீண்டும் பதிவு செய்யுங்கள்; கோடுகள் மறைந்தால் அவை வந்த வழி தெரிந்துவிட்டது. மறையவில்லை என்றால், மைக் கேபிளை மின்கம்பிகளிலிருந்து விலக்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். அதற்குப் பிறகும் எஞ்சுவதை, அந்த அதிர்வெண்களை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் நீக்கலாம். குரலுக்கு அதிகச் சேதம் இருக்காது.

‘உஸ்’ ஒலியின் கதை வேறு. மின்சுற்றிலுள்ள மின்தடையத்தில் (ரெசிஸ்டர்) எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதே சிறு மின்னழுத்த ஏற்ற இறக்கங்களை உண்டாக்குகிறது என்பதை அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சனும் ஹாரி நைக்விஸ்டும் 1928-இல் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினர். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியிலும் இது ஓரளவு இருக்கத்தான் செய்யும். இதை அடக்குவதைவிட, இதற்கு மேலே குரலை உயர்த்துவதே நல்ல வழி: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வந்து சேரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூடும். அதன் பிறகு, படி 1-இல் எடுத்த மௌனப் பகுதியை மாதிரியாகக் கொடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பயன்படுத்தலாம். குறைப்பு அளவை 12 டெசிபெல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய ஒலி, சிதைந்த குரலைவிட எவ்வளவோ மேல்.

நாய்ஸ் ரிடக்‌ஷன், இரைச்சல் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது என்ற அனுமானத்தில் இயங்குகிறது. எனவே நாய் குரைத்தாலோ ஹாரன் ஒலித்தாலோ மல்லுக்கட்டாமல், அந்த வாக்கியத்தை மறுபடி பேசிப் பதிவு செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே போவதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நியூஜெர்சியின் ஹோல்ம்டெலில் இருந்த கொம்பு வடிவ ஆன்டெனாவில் 1964-இல் வானொலி வானியலாளர்களான ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் விடாத இரைச்சல் ஒன்றைக் கண்டனர். ஆன்டெனாவைப் பல திசைகளில் திருப்பினர். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி எச்சத்தையும் சுத்தம் செய்தனர். எல்லாம் போன பிறகும் நின்ற அந்த இரைச்சல், பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு என்று தெரியவந்தது. 1978-இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படி 4: படத்தில் இதே சோதனை

படத்தில் தெரியும் புள்ளிகளுக்கு, கேமராவின் ஒளியுணர்வு அமைப்பான ஐஎஸ்ஓ எண்ணைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி வெளிச்சக் குறைவுதான். ஒளி துகள் துகளாக வருவதால், ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10 இருக்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் அது 100, அதாவது நூறில் ஒரு பங்குதான். கேமராவை முக்காலியில் வைத்து, அசையாத காட்சியை 16 படங்கள் எடுத்துச் சராசரி கண்டால் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் மின்னும் புள்ளிகளுக்கு மட்டும் சராசரி உதவாது. லென்ஸை மூடி, அதே வெளிப்பாட்டு நேரத்தில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) ஒரு இருட்டுப் படம் எடுத்து அதைக் கழியுங்கள்.

படி 5: எண்களில்

தராசில் அதே பொருளைப் பலமுறை வைத்து எடுத்துச் சராசரி காணுங்கள். அளவீடுகளின் சிதறலால் வரும் பிழை இதனால் குறையும். ஆனால் காலியாக இருக்கும்போதே தராசு 3 கிராம் காட்டுகிறது என்றால், ஆயிரம் முறை எடை போட்டாலும் அந்த 3 கிராம் போகாது. அது இரைச்சல் அல்ல, சாய்வு. தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, ஒலிப்பதிவு மென்பொருளின் அமைப்புகளில் ‘டித்தர்’ என்றொரு தெரிவைப் பார்ப்பீர்கள். பதிவை 16 பிட்டாகச் சுருக்கிச் சேமிக்கும்போது மிக மெல்லிய ஒலிகளில் உண்டாகும் கரகரப்பான சிதைவைத் தடுக்க, இது காதுக்கு எட்டாத அளவு தற்செயல் இரைச்சலை வேண்டுமென்றே சேர்க்கிறது. இதை அணைக்க வேண்டாம்.