குளத்துக்குப் போகாமல் ஃபர்ம்வேர் மாற்றுவது

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இறால் பண்ணைகளில் நான் வைத்த பெட்டிகள் பதினாலு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு இஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபை உள்ள ஒரு குட்டிக் கணினிப் பலகை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார் காத்தாடியை) ஓட்டும், கூடினால் நிறுத்தும். முன்பெல்லாம் போர்டுக்குள் ஓடும் புரோகிராமில், அதாவது ஃபர்ம்வேரில், ஒரு வரி மாறினாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரை கரையாக நடப்பேன். உப்புக்காற்றில் மூடியின் திருகுகள் துருவேறி அசையவே மாட்டா. இப்போது ராமநாதபுரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி காற்று வழியாகவே அனுப்புகிறேன். ஓடிஏ (ஓவர் தி ஏர்) என்பார்களே, அதுதான்.

முதல் வேலை கேபிளில்தான். 4 எம்பி ஃபிளாஷ் நினைவகம் உள்ள போர்டில் புரோகிராமுக்கு இரண்டு அறைகள் வேண்டும்: ஒன்றில் இப்போது ஓடுவது, இன்னொன்றில் வரப்போவது. புரோகிராம் எழுத நான் பயன்படுத்தும் அர்டுயினோ மென்பொருளில் வழக்கமான பார்ட்டிஷன் (நினைவகத்தைப் பிரிக்கும் முறை) ஒவ்வோர் அறைக்கும் 13,10,720 பைட் தருகிறது. வைஃபையோடு புளூடூத்தும் சேர்த்தால் அது போதாமல் போகும். உடனே பலர் 3 எம்பி தரும் 'ஹியூஜ் ஆப்' தேர்வுக்குப் போய்விடுகிறார்கள். அதில் அறை ஒன்றுதான், ஓடிஏ கிடையாது. 'மினிமல் ஸ்பிஃப்ஸ்' எடுங்கள். அறைக்குச் சுமார் 1.9 எம்பி கிடைக்கும். இந்தப் பிரிப்பைப் பிறகு காற்று வழியாக மாற்றப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

அப்புறம், அனுப்பும் வழி. பெரும்பாலான பாடங்களில் வருவது 'அர்டுயினோ ஓடிஏ'. லேப்டாப்பும் போர்டும் ஒரே வைஃபையில் இருந்தால் அருமையாக வேலை செய்யும். ஆனால் பண்ணையில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரவுட்டர். வெளியிலிருந்து அதன் உள்ளே நுழைய முடிவதில்லை. அதனால் போர்டே வெளியே வந்து கேட்கட்டும். சர்வரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் பதிப்பு எண்ணை மட்டும் வையுங்கள். போர்டு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, தன் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் புதுப் புரோகிராம் அடங்கிய '.bin' கோப்பை இறக்கிக்கொள்ளும். 'ஹெச்டிடிபி அப்டேட்' லைப்ரரி இதற்குப் போதும். பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் மூலமாகவே இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை: போர்டுக்குள் வைத்த ரூட் சான்றிதழ் (சர்வர் உண்மையானதா என்று பார்க்க உதவுவது) காலாவதியாகி, சர்வர் வேறொன்றுக்கு மாறிவிட்டால் போர்டு சர்வரை நம்பாது, புதுச் சான்றிதழை அனுப்பவும் வழியிருக்காது. காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

புதிதாக அனுப்பும் ஒவ்வொரு புரோகிராமிலும் அடுத்ததை வாங்கும் பகுதி இருந்தாக வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். சோதனைக்காக அந்தப் பகுதி ஓடாதபடி கமென்ட் போட்டுவிட்டு, கமென்டை எடுக்க மறந்து மூன்று குளங்களுக்கு அனுப்பியவன் நான். புரோகிராம் தங்கமாக ஓடியது, இனி எதையும் வாங்காது, அவ்வளவுதான். பைக், லேப்டாப், துருவேறிய திருகு, மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது ரோல்பேக், அதாவது பழைய புரோகிராமுக்கே திரும்புவது. நான் அதிகம் மெனக்கெட்ட இடம் இது. புதுப் புரோகிராம் காலி அறையில் இறங்கி, போர்டு மறுபடி எழும்போது அங்கிருந்து ஓடும். ரோல்பேக் இருந்தால், "நான் சரியாக இருக்கிறேன்" என்று அது சொல்லும் முன்பே போர்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் ஆனால், போர்டை முதலில் எழுப்பும் பூட்லோடர் பழைய அறைக்குத் திரும்பிவிடும். சிக்கல் என்னவென்றால், அர்டுயினோ எழுந்தவுடனேயே நம் சார்பில் "சரி" சொல்லிவிடுகிறது. 'வெரிஃபை ரோல்பேக் லேட்டர்' என்ற ஃபங்ஷனை நாமே எழுதி 'ட்ரூ' திருப்பி அனுப்பினால்தான் அந்தப் பொறுப்பு நம் கைக்கு வரும். என் போர்டுகள் மூன்று காரியம் முடிந்த பிறகே சரி சொல்லும்: வைஃபை கிடைக்க வேண்டும், சென்சார் நம்பும்படியான எண்ணைத் தர வேண்டும், சர்வர் பதில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் மூன்றும் நடக்கவில்லையா, தானே ரீஸ்டார்ட் ஆகும், பழையது வந்துவிடும்.

இவ்வளவு படித்தும் நேரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, ஊர் தூங்குகிறதே என்று அப்டேட் போட்டேன். புதுப் புரோகிராமில் பிழை, போர்டு எழுவதும் விழுவதுமாக இருந்தது. அப்போது ரோல்பேக் வைத்திருக்கவில்லை. இரண்டு மணிக்குக் காவல்கார அண்ணன் போன் செய்தார்: "தம்பி, காத்தாடி நின்னு நின்னு ஓடுதப்பா." குளத்தில் பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் பாசியும் இறாலும் சேர்ந்து அதையே தின்னும். விடியலுக்கு முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பண்ணைக்காரர் முகம் மாறும். நல்லவேளை, அண்ணன் சுவிட்சைக் கையால் போட்டுவிட்டார்.

அதிலிருந்து மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், நல்ல வெயிலில் மட்டுமே அப்டேட். மழை மேகம் இருந்தால் மறுநாள். வயரிங்கையும் மாற்றினேன். மோட்டாரை ஓட்டும் சுவிட்சான ரிலேயில், கரண்ட் இல்லாதபோதும் இணைந்தே இருக்கும் என்.சி. முனையில் கொடுத்துவிட்டால், போர்டு செத்தாலும் ஏரேட்டர் பாட்டுக்கு ஓடும். கரண்ட் பில்தான் கொஞ்சம் ஏறும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் அனுப்பாதீர்கள். போர்டுகள் சேர்ந்து எழுந்தால் மோட்டார்களும் சேர்ந்து எழும், வோல்டேஜ் படுத்துவிடும். என் வரிசை: மேசை மேல் ஒரு போர்டு, பிறகு மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்துக் குளம், ஒருநாள் விட்டு மற்றவை ஒவ்வொன்றாக. வைஃபை சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்குக் கீழே இருந்தாலோ, சோலார் பேட்டரி இறங்கியிருந்தாலோ போர்டு அன்றைக்கு இறக்காது. அந்த 'இஃப்' நிபந்தனையைப் புரோகிராமிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, பெட்டிக்கு வெளியே தெரியும்படி ஒரு எல்இடி வையுங்கள். புதுப் பதிப்பு சரியாக எழுந்தால் மூன்று முறை சிமிட்டும், பழையதற்குத் திரும்பியிருந்தால் விடாமல் எரியும். நெட் இல்லாத நாளில் காவல்கார அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும். "மூணு வாட்டி சிமிட்டுது தம்பி" என்று அவர் சொன்னதும் அடுத்த குளத்துக்கு அனுப்புவேன்.