நாராவில் ஒரு முழு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒசாகா, கியோட்டோ போகிறவர்கள் பலர் நாராவுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். மானோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகரமாக இருந்த ஊர் இது. பௌத்தக் கோயில், ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் ஆலயம், காடு மூன்றும் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. ஒரு முழு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. காலையிலேயே இறங்குங்கள்

ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் சுமார் 40 நிமிடம். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலும் உண்டு, ஆனால் மான்கள் திரியும் நாரா பூங்காவுக்குக் கிட்டத்தில் இருப்பது கின்டெட்சு நாரா நிலையம்தான். கின்டெட்சு ரயிலில் ஜேஆர் பாஸ் செல்லாது. இகோகா (ICOCA) என்ற முன்பணப் பயண அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம். எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் நடக்கலாம்.

2. மான்களிடம் பழகும் முறை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பூங்காவில் தாமாகத் திரிகின்றன. அங்கேயே விற்கும் அரிசித் தவிட்டு பிஸ்கட்டை மட்டும் கொடுங்கள். கையில் வைத்துக்கொண்டு போக்குக் காட்டினால் சட்டையைக் கடித்து இழுக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், விலகிப் போய்விடும். பிளாஸ்டிக் பையைக் கீழே விடவே விடாதீர்கள். அதைத் தின்று மான்கள் செத்திருக்கின்றன.

3. தோதாய்ஜி: இங்கே அவசரம் வேண்டாம்

தோதாய்ஜி, பெரிய புத்தர் இருக்கும் பௌத்தக் கோயில். அதன் தெற்குப் பெருவாயிலில் நின்று இரண்டு பக்கமும் அண்ணாந்து பாருங்கள். எட்டு மீட்டருக்கு மேல் உயரமான இரண்டு மரக் காவலர்கள். 1203-இல் உன்கெய், கைகெய் முதலிய சிற்பிகள் சுமார் 70 நாளில் செய்து முடித்தவை. உள்ளங்கால் நரம்புவரை முறுக்கேறி நிற்பார்கள்.

அப்புறம் பெரிய புத்தர். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. 752-இல் இதற்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த துறவி போதிசேனர். நம் ஊரில் சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பது போன்ற சடங்குதான். அவர் பிடித்த தூரிகையில் நீளமான நூலைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோயின் களஞ்சியச் செல்வங்களில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கண்களைப் பாருங்கள்.

மண்டபம் போரில் இரண்டு முறை எரிந்தது. இப்போது இருப்பது 1709-இல் எழுப்பியது, 57 மீட்டர் அகலம். பழையது இதைவிட ஒன்றரை மடங்கு அகலம்!

4. கசுகா தைஷா

வகாகுசா மலையடிவாரமாகத் தெற்கே நடந்தால் 768-இல் நிறுவிய ஷின்டோ ஆலயம். கல்லிலும் வெண்கலத்திலும் சுமார் 3000 விளக்குகள். அத்தனையையும் ஏற்றுவது பிப்ரவரித் தொடக்கத்திலும் ஆகஸ்ட் 14, 15 இரவுகளிலும் மட்டும்தான். மற்ற நாளில் போகிறவர்கள் கட்டணப் பகுதிக்குள் இருக்கும் இருட்டறையைத் தவறவிடாதீர்கள். அங்கே எப்போதும் விளக்குகள் எரிகின்றன.

5. காடு

ஆலயத்துக்குப் பின்னால் கசுகா மலைக் காடு. 841-இல் வேட்டையும் மரம் வெட்டுவதும் தடை செய்யப்பட்ட இடம். ஊரை ஒட்டியே இப்படியொரு பழங்காடு! முழுச் சுற்றுக்கு நேரம் போதாது, ஒரு மணி நேரம் உள்ளே நடந்துவிட்டுத் திரும்புங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சாப்பாடு? காக்கி எனும் பெர்சிமன் பழ மரத்தின் இலையில் மடித்த சுஷி இந்த ஊர் விசேஷம், உள்ளே மீன் இருக்கும். சைவம் என்றால் நூடுல்ஸ் சூப்பிலும் மீன் சாறு சேரும் என்பதை மறக்காதீர்கள். ஊறுகாய்ப் பிளம் வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிக்கொள்ளலாம்.

6. பொழுது சாயும்போது நிகட்சு-தோ

மறுபடி தோதாய்ஜி பக்கம் வந்து, மேட்டில் இருக்கும் இந்த மண்டபத்துக்குப் படியேறுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் திறந்திருக்கும். மரத் தாழ்வாரத்தில் நின்றால் கீழே பெரிய புத்தர் மண்டபத்தின் கூரை, அதன் இரண்டு முனையிலும் பொன் அலங்காரம், அதற்கப்பால் ஊர் முழுக்க விளக்கு ஏறிக்கொண்டிருக்கும். கடைசி வெளிச்சம் போகிறவரை அங்கேயே நில்லுங்கள். நிலையத்துக்கு அரை மணி நேர நடைதான்.