வெளிநாட்டில் குடியேறுகிறீர்களா? போனையும் இணையத்தையும் இந்த வரிசையில் அமையுங்கள்

புது நாட்டில் போய் இறங்கியதும் பலரும் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒன்று உண்டு. மாதக் கட்டணத் திட்டத்தில் சிம் கேட்டால், உள்ளூர் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பார்கள். வங்கிக்குப் போனால், உள்ளூர் போன் எண் எங்கே என்பார்கள். இரண்டு இடத்திலும் முகவரிச் சான்று வேண்டும். வீடு தேடவோ போன் இல்லாமல் ஆகாது. இதை அவிழ்க்கும் நுனி ப்ரீபெய்ட் சிம்தான். ஆனால் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன.

படி 1: போன் அங்கே வேலை செய்யுமா?

தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய போன், ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி தெரியும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் கவலையில்லை. மற்ற போன்களில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே எளிது. பூட்டு இருந்தால் இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாடு மாறிய பிறகு வாடிக்கையாளர் சேவையைப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்து *#06# என்று டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அதுதான் உங்கள் போனின் அடையாள எண். கூடவே இஐடி என்ற நீளமான எண்ணும் வந்தால் இ-சிம் வசதி, அதாவது அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம் வசதி, இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வையுங்கள், போனைப் பதிவு செய்யச் சொல்லும் நாடுகளில் அது தேவைப்படும். துருக்கியில் வெளிநாட்டுப் போனை உள்ளூர் சிம்மோடு 120 நாள்தான் பயன்படுத்தலாம். கட்டணம் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் அப்புறம் இணைப்பு நின்றுவிடும்.

பழைய போன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜி சேவையை மூடிவிட்டன, ஆஸ்திரேலியா 2024-இல் மூடியது. அங்கெல்லாம் 4ஜி வழியாகப் பேசும் வோல்டிஇ வசதி ஒத்துப்போகாத போனில் டேட்டா வந்தாலும் அழைப்பு போகாது. பல நிறுவனங்களின் தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தே இதைச் சரிபார்க்கலாம்.

படி 2: பழைய எண்ணை உயிரோடு வையுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிவாதமாகச் சொல்வேன்: பழைய எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். வங்கி, வரி, மின்னஞ்சல் என எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. விட்டுவிட்டால் அந்த எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.

இருப்பதிலேயே மலிவான திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். எண் செயலிழக்காமல் இருக்க எத்தனை நாளுக்கு ஒரு முறை ரீசார்ஜ் வேண்டும் என்று கேட்டு, காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். ரோமிங்கை ஊரிலேயே இயக்கி வையுங்கள். போன பிறகு அதை இயக்க ஓடிபி கேட்டால் வேடிக்கையாகிவிடும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் பிடிப்பதில்லை, ஆனாலும் உங்கள் திட்டத்தில் எப்படி என்று பார்த்துவிடுங்கள். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதில், அதே போன்ற குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் அத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுவது நல்லது.

வாட்ஸப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்குள்ளேயே 'சேஞ்ச் நம்பர்' வசதி இருக்கிறது. குழுக்கள் அப்படியே தொடரும். தொடர்பு எண்களை எல்லாம் + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.

படி 3: இறங்கும் நாளுக்கு டேட்டா

ஏராலோ, ஹோலாஃப்ளை போன்ற நிறுவனங்கள் ஆன்லைனில் விற்கும் பயண இ-சிம் போதும். அதை நிறுவ இணையம் வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் ஏற்றிவிடுங்கள். இவற்றில் பெரும்பாலும் டேட்டா மட்டுமே கிடைக்கும், போன் எண் வராது. முதல் வாரத்துக்கு மேல் இதை நம்பியிருப்பது வீண் செலவு.

படி 4: உள்ளூர் ப்ரீபெய்ட் சிம்

விமான நிலையக் கடைகளில் விலை கூடுதலாக இருப்பது வழக்கம், ஊருக்குள் வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கட்டும். ஜெர்மனியில் அடையாளத்தை உறுதி செய்தால்தான் சிம் இயங்கும். பிரிட்டனில் ப்ரீபெய்டுக்கு ஆவணம் கேட்பதில்லை. எந்த நிறுவனம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தங்கும் தெருவில் எது நன்றாக எடுக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வங்கிக் கணக்கும் முகவரியும் அமைந்த பிறகு, எண்ணை மாற்றாமலேயே மாதத் திட்டத்துக்குப் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம்முக்கு மற்ற உறுப்பு நாடுகளில் 2017 ஜூன் முதல் பொதுவாகக் கூடுதல் ரோமிங் கட்டணம் கிடையாது. குடியிருக்கும் நாட்டை விட்டுப் பல மாதங்கள் வெளியே பயன்படுத்தினால் மட்டும் கேள்வி வரும்.

படி 5: இரண்டு சிம்மையும் சரியாக அமைப்பது

டேட்டாவுக்கு உள்ளூர் சிம்மைத் தேர்வு செய்யுங்கள். பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். சிக்னல் குறைந்தால் போன் தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி ஒன்று இருக்கிறது, அதையும் அணையுங்கள். எதிர்பாராத பில் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பழைய இ-சிம்மை அணைத்து வைக்கலாம், ஆனால் நீக்கிவிடாதீர்கள். திரும்பச் சேர்க்க நிறுவனத்திடம் புதிய க்யூஆர் கேட்டு நிற்க வேண்டிவரும்.

போகும் நாட்டில் எந்தச் செயலி ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவில் வாட்ஸப் தடை செய்யப்பட்டிருக்கிறது.

படி 6: வீட்டு இணையம்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த முகவரிக்கு ஃபைபர் வருகிறதா என்று நிறுவனத் தளத்தில் பாருங்கள். ஒரே தெருவில் ஒரு கட்டடத்துக்கு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. டெக்னீஷியன் வர நாள் பிடிக்கும் என்பதால் சாவி வாங்கும் தேதி தெரிந்ததுமே பதிவு செய்யுங்கள்; அதுவரை போன் ஹாட்ஸ்பாட் போதும். அதிகம் வேண்டுமென்றால் சிம் போடும் 5ஜி ரவுட்டர் வாங்கலாம். வீடு மாறும் வாய்ப்பிருந்தால் 12 அல்லது 24 மாத ஒப்பந்தம் வேண்டாம், விலை கூடினாலும் மாதாமாதம் விலகக்கூடியதே நல்லது.

இணைப்பு வந்த அன்றே ரவுட்டரில் கேபிளைச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். வைஃபை வேகத்தைக் காட்டிப் புகார் சொன்னால் சுவரைக் குறை சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆன்லைனில் போட்ட ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் விலகலாம். பல இடங்களில் இந்தக் கெடு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், இணைப்பு வந்த நாளிலிருந்து அல்ல.