மூடி கழற்றிய பிராசசரில் நேர்ந்த பிழைகளைச் சரிசெய்வது எப்படி?

2012 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் ஐவி பிரிட்ஜ் என்ற பிராசசர் தலைமுறையை வெளியிட்டபோது, அதற்கு முந்தைய சாண்டி பிரிட்ஜில் சிலிக்கான் சில்லுக்கும் மேலே உள்ள உலோக மூடிக்கும் நடுவே இருந்த சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகப் பற்று) நீங்கி, அந்த இடத்துக்கு வெறும் தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) வந்தது. ஓவர்கிளாக் செய்தால், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டினால், அந்தத் தலைமுறையின் ஐ7-3770கே அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று கண்டவர்கள், மூடியைச் சுற்றியுள்ள கறுப்பு சிலிக்கோன் பசையை பிளேடால் அறுத்து, உள்ளே லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகத்தைத் தடவி, மறுபடி மூடத் தொடங்கினார்கள். 2018-இல் 9900கே சால்டருக்குத் திரும்பும் வரை, 4770கே, 6700கே, 7700கே, 8700கே என்று பல பிராசசர்கள் இப்படித் திறக்கப்பட்டன. பழைய பொருளாகக் குறைந்த விலையில் கிடைக்கும் அந்தப் பிராசசர்களை வாங்கி இன்றும் பலர் திறந்துபார்க்கிறார்கள் என்பதால், திறக்கும்போது நேரும் பிழைகளை எப்படிச் சரிசெய்வது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பிளேடு வழுக்கியதாலோ ஒரு சொட்டு உலோகம் தெறித்ததாலோ பிராசசர் உடனே செத்துவிடுவது குறைவு. "ஓடுகிறதா பார்ப்போம்" என்று அந்த நிலையிலேயே மின்சாரம் கொடுக்கும்போதுதான் அது பெரும்பாலும் சாகிறது. ஆகவே சந்தேகம் வந்த உடனே பவர் சப்ளையின் கம்பியை உருவிவிட்டு, பிராசசரை வெளியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

லிக்விட் மெட்டல் சிந்தியிருப்பதுதான் மிக அதிகமாக நேரும் பிழை. அது காலியம் கலந்த உலோகக் கலவை. தூய காலியமே ஏறத்தாழ 30 டிகிரியில் உருகிவிடும், கலவையோ அறை வெப்பத்திலும் நீராகவே இருக்கும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். 4770கே போன்ற ஹாஸ்வெல் பிராசசர்களில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பு பிராசசருக்குள்ளேயே இருப்பதால், சில்லின் பக்கத்தில் மிகச் சிறிய கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) வரிசையாக நிற்கும். நண்பர் ஒருவர் "உயிர் போய்விட்டது" என்று என்னிடம் கொடுத்த 4770கே-யில், இரண்டு கெபாசிட்டர்களுக்கு இடையே கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளிக் குண்டு ஒளிந்திருந்தது. நேராகப் பார்த்தபோது அதுவும் சால்டர் போலவே தெரிந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதன் பளபளப்பு தனியாகத் தெரிந்தது. அதை எடுத்தபின் அந்தப் பிராசசர் ஓடியது.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் காலியத்தைக் கரைக்காது. முதலிலேயே ஆல்கஹாலில் நனைத்த துணியால் தேய்த்தால், ஒரு பெரிய சொட்டு நூறு சிறு துளிகளாகச் சிதறி, கெபாசிட்டர்களின் அடியில் புகுந்துவிடும். காலி சிரிஞ்சின் முனையால் சொட்டை உறிஞ்சி எடுங்கள். மிச்சத்தைக் காய்ந்த காட்டன் பட்ஸால் ஒத்தி எடுங்கள். இடுக்கில் இருப்பதை மரத்தாலான பல்குச்சியின் கூரால் வெளியே தள்ளுங்கள். படலம் மட்டும் மிஞ்சிய பிறகே ஆல்கஹாலைப் பயன்படுத்த வேண்டும். முழுவதும் உலர்ந்தபின், கெபாசிட்டர்களின் மேல் நிறமற்ற நெயில் பாலிஷை இரண்டு முறை பூசிக் காயவிட்டால், மறுபடி சிந்தினாலும் பாதிப்பு இருக்காது.

இந்த இடத்தில் பலர் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, அது ஒலித்ததும் ஷார்ட் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிராசசரின் முதன்மை மின் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே இயல்பாகவே மின்தடை மிகக் குறைவு என்பதால், நல்ல பிராசசரிலும் மீட்டர் ஒலிக்கக்கூடும். அதே மாடலைச் சேர்ந்த இன்னொரு பிராசசரில் அதே புள்ளிகளை அளந்து ஒப்பிட முடிந்தால் மட்டுமே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இல்லாவிட்டால் கண்ணையே நம்புங்கள்.

உலோகம், மதர்போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட்டுக்குள் விழுந்திருந்தால் நிலைமை கடினம். அங்கே பஞ்சைக் கொண்டுபோகவே கூடாது, ஏனென்றால் அதன் இழை சாக்கெட்டின் பின்களில் (மெல்லிய உலோக முனைகளில்) சிக்கி அவற்றை வளைத்துவிடும். மதர்போர்டைச் சாய்க்காமல் வைத்து, மெல்லிய சிரிஞ்சால் உறிஞ்சுவதே வழி. வளைந்துபோன பின்னை நிமிர்த்த, எழுதுகுச்சி இல்லாத 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அதன்மேல் செருகி, ஒரு மயிரிழை அளவு மட்டும் தள்ளி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லாப் பின்களும் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் பின் ஒடிந்துவிடும்.

சில்லு அமர்ந்திருக்கும் பச்சைப் பலகையைப் பிளேடு கீறியிருந்தால், கீறலின் ஆழத்தைப் பொறுத்தே எல்லாம். மேல்பூச்சு மட்டும் உரிந்திருந்தால் நெயில் பாலிஷ் போதும். செம்பு தெரிந்து, அந்தக் கோடு அறுந்திருந்தால், பலகை பல அடுக்குகளால் ஆனது என்பதால் வீட்டில் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 6700கே-யின் பலகை முந்தைய தலைமுறையினுடையதைவிட மெல்லியது. அதில் பிளேடை வைக்காமல், மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தும் கருவியையே பயன்படுத்துங்கள். இடம் பெயர்ந்த கெபாசிட்டரைத் தொலைக்காமல் காகிதத்தில் மடித்து, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் மொபைல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் பொருத்தித் தருவார்.

பிராசசர் ஓடுகிறது, ஆனால் முன்பைவிடச் சூடாகிறது, அல்லது ஒரு கோர் (சில்லுக்குள் கணக்கிடும் தனித்தனிப் பகுதிகளில் ஒன்று) மட்டும் மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்றால், மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். ஐவி பிரிட்ஜ் சூடானதற்கு பேஸ்ட் மட்டுமே காரணமன்று. பசையின் தடிப்பால் மூடி உயர்ந்து நின்று, சில்லுக்கு மேல் இடைவெளி விட்டதும் பெரிய காரணம். பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய பசையைப் பூசினால் அதே குறை திரும்பி வரும். மறுபடி கழற்றி, பிளாஸ்டிக் அட்டையால் பலகையையும் மூடியின் விளிம்பையும் சுத்தமாக்கி, நான்கு மூலைகளில் மட்டும் புள்ளி அளவு பசை வையுங்கள். சாக்கெட்டின் கொக்கியைப் பூட்டும்போது அது மூடியை நகர்த்திவிடும் என்பதால், விரலால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பூட்டி, ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டுக் காயவையுங்கள். மூடிக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற வைக்கும் ஹீட்சிங்கின் அடிப்பாகம் அலுமினியமாக இருந்தால், மூடிக்கு மேல் லிக்விட் மெட்டல் தடவவே வேண்டாம். காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும், அதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் முடிந்தபின் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருளில்) பழைய ஓவர்கிளாக் அமைப்பு தங்கியிருக்கக் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துப் பொருத்துங்கள். ஒரே ஒரு ரேம் குச்சியுடன் தொடங்கி, பயாஸில் வெப்ப எண்ணைக் கவனியுங்கள். அரை நிமிடத்துக்குள் 80 டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு மூடியைச் சரிபாருங்கள். எண் அமைதியாக நின்று, மற்ற ரேம் குச்சிகளையும் பொருத்தியபின் ஒரு ரேம் சேனல் (ரேமைப் பிராசசருடன் இணைக்கும் பாதை) மட்டும் காணவில்லை என்றால், பிராசசரைக் குறைசொல்லும் முன் ஹீட்சிங்கின் திருகுகளைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்; அழுத்தம் மிகுந்தாலும் இதே அறிகுறி தோன்றும். அதிலும் வராவிட்டால், சாக்கெட்டின் பின்களை மறுபடி டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதுதான்.