தெருவாசிகள் சேர்ந்து தோட்டம் போடுவது எப்படி?

நர்சரிக்குப் போவதற்கு முன்னால் ஆள் சேருங்கள். சென்னையில் எங்கள் குடியிருப்பில் முதல் தடவை நாலு பேர் மட்டும் கூடி நாற்று நட்டோம். கோடை விடுமுறைக்கு நாலு பேரும் ஊருக்குப் போய்விட்டோம். மற்ற வீடுகளுக்கு அது ‘அவங்க தோட்டம்’. ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

படி 1: வீடு வீடாகப் போங்கள்

கூட்டம் போட்டால் வழக்கமாகப் பேசுகிறவர்கள்தான் பேசுவார்கள். அதனால் மாலை நேரத்தில் கதவைத் தட்டி, “உங்களுக்கு என்ன செடி வேணும்?” என்று மட்டும் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் வாட்ச்மேன் குடும்பத்தையும் விட்டுவிடாதீர்கள். ஊரில் பயிர் செய்த பாட்டி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர்தான் உங்கள் ஆசிரியர். சிங்கப்பூரில் 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்திலும் செடிகளைப் பார்த்துக்கொள்வது குடியிருப்பாளர் குழுதான்.

படி 2: இடம்

தினமும் ஆறு மணி நேரம் வெயில் வேண்டும். பூங்காவோ பொது நிலமோ என்றால் மாநகராட்சியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கட்டட இடிபாடு கலந்த மண்ணில் விதைக்காதீர்கள்; பழைய பெயிண்டிலிருந்து ஈயம் சேர்ந்திருக்கலாம். செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டுங்கள். அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம், இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். ஒரு பாத்தியை இடுப்பளவு உயர்த்திவிட்டால் முட்டிவலிக்காரர்களும் வருவார்கள்.

படி 3: தண்ணீர், சாவி, அறுவடை

சண்டை வருவது இந்த மூன்றில்தான். முதல் வாரமே பேசி, எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அரிசி, காய் கழுவிய தண்ணீரும் ஏசி தண்ணீரும் செடிக்கு நல்லது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு அதிகம், அதை மட்டும் நம்பாதீர்கள். மோட்டார் ஓடினால் கரண்ட் பில் யார் கணக்கில் என்று முன்பே முடிவு செய்யுங்கள். சாவி ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு வீடுகள் பொறுப்பு. ஒரு வீடு ஊருக்குப் போனால் இன்னொன்று ஊற்றும். கறிவேப்பிலை, முருங்கை, தூதுவளை எல்லோருக்கும் பொது. பாத்தியில் விளைவது ஊற்றியவர்களுக்கு.

படி 4: முதலில் கீரை

தக்காளி ஆசை இருக்கும், பொறுங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். புதியவர்கள் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். செம்மண், ஊறவைத்த தென்னை நார்க் கழிவு, மட்கிய எரு மூன்றும் சம அளவு. பொடி விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தெளியுங்கள். ஆடிப்பட்டம் காய்கறிக்கு நல்ல தொடக்கம். ஐப்பசி மழைக்குள் வடிகால் சரியாக இருக்கட்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் மூடாத வாளிகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

முதல் கட்டுக் கீரையை, அன்று “எங்களுக்கு வேண்டாம்” என்று சொன்ன வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் மூன்றாம் மாடிப் பாட்டி அப்படித்தான் வந்தார். இப்போது தூதுவளைக் கொடி அவர் பொறுப்பு.