காரைத் துடைக்கும் அந்தப் பத்து நிமிடம்

என்னுடைய கார் கறுப்பு. கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே மீதிக் கதை புரிந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து ஒன்றரை வருடம் நானேதான் கழுவினேன். நல்ல ஷாம்பு, இரண்டு வாளி, சக்கரத்துக்குத் தனி பிரஷ் என்று கழுவுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருநாள் இரவு கைதவறி விழுந்த சாவியைத் தேட செல்போன் டார்ச்சைப் போட்டேன். வெளிச்சம் பானெட்டில் பட்ட இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. ஒரு இடம் பாக்கியில்லை.

பாலிஷ் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை.

"எதுல சார் துடைக்கிறீங்க?"

"பழைய பனியன்தான். நல்லா மெத்துன்னு இருக்கும்."

"அதான் பார்த்தேன். கழுவுனதுல வந்தது கொஞ்சம்தான் சார். மீதியெல்லாம் துடைச்சதுல வந்தது."

பிறகு ஒரு சின்னக் கருவியை பானெட்டில் வைத்து, பெயின்ட்டின் தடிமனை அளந்து காட்டினார். 108 மைக்ரான். பிரைமர், நிறம், அதற்கு மேலே இருக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு பொதுவாக 40, 50 மைக்ரான் இருக்கும். தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிமன். நாம் பார்த்து ரசிக்கும் பளபளப்பு முழுக்க, முடியைவிட மெல்லிய அந்தத் தோலில்தான் இருக்கிறது. பாலிஷ் போட்டால் கீறல் மூடிக்கொள்ளும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கீறலின் அடி எவ்வளவு ஆழமோ, அதுவரைக்கும் சுற்றியிருக்கும் படலத்தைத் தேய்த்து மட்டப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது போனதுதான்.

துடைக்கும்போது ஏன் இவ்வளவு கீறல் விழுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஷாம்பு நுரை இருக்கும்வரை துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே ஒரு வழுவழுப்பு இருக்கும். மண் துகள் இருந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். கடைசியாக அலசியதும் அந்த வழுவழுப்பும் சேர்ந்து போகிறது. மிச்சம் இருப்பது வெறும் தண்ணீரும், எவ்வளவு கழுவினாலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு துகளும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் துணியைச் சுருட்டி, உள்ளங்கையால் அழுத்தி, வட்டமாகத் தேய்க்கிறோம். உப்புத்தாள் போடுகிற வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சரி, துடைக்காமலே காயவிட்டால்? அதையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். தண்ணீர் ஆவியாகும்போது அதில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஆவியாவதில்லை. துளி சுருங்கச் சுருங்க அதெல்லாம் ஓரத்தில் சேர்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். புதிதாக விழுந்த கறை மறுபடி கழுவினால் போய்விடும். சில நாள் ஆனதற்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துக் கறையின் மேல் ஒரு நிமிடம் போர்த்தி வைத்து, தேய்க்காமல் எடுத்து, நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். இதை நிழலில்தான் செய்ய வேண்டும், வினிகர் காய்ந்துபோக விடக்கூடாது. அந்த இடத்தில் பெயின்ட்டின் மேல் பூசிய வாக்ஸ் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் வெந்து பெயின்ட்டையே அரித்துவிட்ட கறை வினிகருக்கு மசியாது. அதற்குப் பாலிஷ்தான்.

'ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தா காத்துல காஞ்சிடும்' என்று சொல்பவர்களும் உண்டு. ஈரமான கார் தெருவில் போனால் தெருப்புழுதி முழுக்க அதில்தான் வந்து உட்காரும்.

ஆக, துடைத்தே ஆக வேண்டும். ஆனால் துணி பெயின்ட்டைத் தொடுவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீரை இறக்கிவிட முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும். அந்தப் பாலிஷ்காரர் சொன்னதில் இதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இடமும் நேரமும். நிழல் வேண்டும், கார் சூடாக இருக்கக் கூடாது. புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் கழுவவே ஆரம்பிக்காதீர்கள். வண்டியை ஓட்டிவந்த கையோடு கழுவினால், நிழலிலும்கூட இன்ஜின் சூட்டில் பானெட் மட்டும் மளமளவென்று காய்ந்து கறையாகிவிடும். காலை வேளை நல்லது. நீங்கள் கூரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு காய ஆரம்பித்தால் யோசிக்காமல் அதன் மேல் மறுபடி தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருக்கும்வரை கறை விழாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஹோஸ் குழாயின் முனையில் இருக்கும் ஸ்பிரேயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் பீச்சி அடிக்காமல், வாளியில் நிரப்பும்போது விழுவது மாதிரி ஒரே தாரையாக விழ வேண்டும். குழாயின் வாயை கூரைக்கு நாலு விரல் உயரத்தில், உலோகம் பெயின்ட்டில் இடிக்காமல் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். தெறித்து நின்ற ஆயிரம் துளிகளையும் அந்த ஓட்டம் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொண்டு, ஒரே விரிப்பாக வழியும். அதன் வால் கடந்துபோன இடத்தில் அங்கங்கே சில துளிகள்தான் நிற்கும். முதல்முறை பார்த்தபோது கூரை தானாகவே துவட்டிக்கொண்டது போல இருந்தது. வாக்ஸோ, அது மாதிரியே பெயின்ட்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங்கோ இருக்கும் காரில் இது பிரமாதமாக வேலை செய்யும். ஒன்றும் போடாத பழைய பெயின்ட்டில் தண்ணீர் பரவி ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் பாதியாவது இறங்கும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, பக்கங்கள் என்று ஒரு சுற்று வந்தால் இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும்.

(செராமிக் போட்டாச்சு, இனி துடைக்கவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், அழகாகத்தான் இருக்கும். காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு கறை.)

பிறகு காற்று. தூசி ஊத வைத்திருக்கும் சின்ன ப்ளோயர் இருந்தால் அதுவே போதும். முதலில் காரை விட்டுத் தள்ளி சில விநாடி ஊதி, ப்ளோயருக்குள் தங்கியிருக்கும் தூசியை வெளியேற்றிவிடுங்கள். தரையைப் பார்த்து ஊதாதீர்கள், அங்கிருக்கும் மண் எழும்பிக் காரில் ஒட்டும். தட்டையான பகுதிகளைவிட, துணி நுழையாத சந்துகளுக்குத்தான் காற்று அவசியம். கதவுக் கைப்பிடியின் பின்புறம், முன் கிரில், நம்பர் பிளேட்டின் அடி, பின் விளக்கின் விளிம்பு, டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்துகள், டேங்க் மூடி, ஜன்னல் ரப்பர், எல்லாவற்றையும்விட முக்கியமாக சைடு மிரர். இந்த சைடு மிரர் இருக்கிறதே, ஒரு செம்பு தண்ணீரையாவது உள்ளே ஒளித்துவைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்து நாம் கைகழுவிவிட்டு வரும்போது கதவின் மேல் கண்ணீர் வடித்துக்கொண்டு நிற்கும். ப்ளோயர் இல்லையென்றால் மிரரை இரண்டு முறை மடக்கி விரித்து, கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடி, ஐந்து நிமிடம் வடியவிடுங்கள்.

இப்போதுதான் துணி. பழைய பனியன், காட்டன் துண்டு இரண்டையும் மறந்துவிடுங்கள். உடம்புக்கு மெத்தென்று இருப்பது பெயின்ட்டுக்கும் மெத்தென்று இருக்கும் என்று அர்த்தமில்லை. போதாததற்கு அவற்றில் தையல் வேறு இருக்கும். தண்ணீரைச் சீவி எடுக்கும் ரப்பர், சிலிக்கோன் பட்டைகள் கண்ணாடிக்கு மட்டும் நல்லவை. பெயின்ட்டில் ஒரே ஒரு மணல் அதன் விளிம்பில் மாட்டினாலும் பானெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோடு இழுத்துவிடும். தோல் போல இருக்கும் ஷாமி துணியிலும் இதே சிக்கல்தான். மேற்பரப்பு மொழுமொழுவென்று இருப்பதால் துகளுக்கு ஒதுங்க இடமில்லை, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவிலேயே கிடந்து உருளும்.

வேண்டியது நல்ல மைக்ரோஃபைபர் டவல். பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த இழை, 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று அட்டையில் போட்டிருக்கும். காருக்கென்றே கட்டம் கட்டமாக நெய்தது ஒரு வகை, முறுக்கிய இழைகள் வளையம் வளையமாக நிற்பது இன்னொரு வகை. நான் பயன்படுத்துவது இரண்டாவது. தண்ணீரை அதிகம் குடிக்கும், துகள் ஏதாவது இருந்தாலும் இழைகளுக்கு நடுவே இறங்கிவிடும். அதன் மூலையில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டி எறியுங்கள். புது டவலை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே காரில் வையுங்கள்.

துடைக்கும் விதத்தைச் சொல்கிறேன். சரியாகச் சொன்னால் இதைத் துடைப்பது என்றே சொல்லக்கூடாது. டவலை முழுதாக விரித்து பானெட்டின் மேல் போடுங்கள். உங்கள் பக்கத்து இரண்டு முனைகளைப் பிடித்து, மெதுவாக உங்களை நோக்கி இழுங்கள். டவலின் மேல் கை இருக்கக்கூடாது, அதன் சொந்த எடையே போதும். இழுக்க இழுக்க டவல் கனப்பது கையில் தெரியும். பின்னால் ஈரத்தின் மெல்லிய மூட்டம் ஒன்று தங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். கதவு மாதிரி நெட்டாக நிற்கும் இடங்களில் டவலை மடித்து வைத்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். எங்காவது இழுத்தே ஆக வேண்டுமென்றால் நேர்கோட்டில் இழுங்கள், வட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ஸ்பிரே வாக்ஸ் அல்லது குவிக் டீடெய்லர் என்று கிடைக்கும் திரவத்தை, ஈரமாக இருக்கும்போதே ஒரு கதவுக்கு இரண்டு பீச்சு. ஷாம்புவோடு போன வழுவழுப்பை இது திருப்பிக் கொண்டுவரும். டவல் பெயின்ட்டைப் பிடித்து இழுக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் காருக்கு மட்டும் இதைப் போடாதீர்கள், அதற்கென்று தனியாக விற்பதைத்தான் போட வேண்டும்.

மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசி, அதற்கு வேறு டவல். சக்கரம் எறிந்த மண் அதிகம் தங்குவது அங்கேதான். சக்கரத்துக்கும் கதவைத் திறந்தால் தெரியும் உள்விளிம்புக்கும் ஓய்வுபெற்ற டவல்கள் போதும்.

நடு நடுவே டவலைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அந்த இடம் சரியாகக் கழுவப்படவில்லை. துடைப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, ஷாம்பு போட்டு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி கழுவுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

டவல் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு விடுமுறை. என் மகள் உதவிக்கு வரும்போதெல்லாம் இதில்தான் சண்டை வரும். "அப்பா, நல்லா உதறிட்டேன்பா" என்பாள். ஒருநாள் அப்படி உதறிய டவலை வெயிலில் விரித்து, இழைகளை விரலால் பிரித்துக் காட்டினேன். அடியில் மூன்று மணல் மின்னிக்கொண்டிருந்தது. இப்போது அவளே ஒன்று அதிகமாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறாள்.

துடைத்து முடித்ததும் கதவுகளையும் டிக்கியையும் திறந்து விளிம்புகளை ஒற்றி எடுங்கள். அப்புறம் வண்டியை ஒரு இரண்டு நிமிடம் நகர்த்தி, மெதுவாக பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துவிட்டு நிறுத்துங்கள். பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு பூத்திருப்பது ஓட்டியதும் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பிரேக் பேடு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

டவல்களைத் தனியாகத் துவையுங்கள். காட்டன் துணியோடு போட்டால் அதன் பஞ்செல்லாம் மைக்ரோஃபைபர் இழையில் மாட்டிக்கொள்ளும். துணிக்கு வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் அறவே கூடாது. அது இழையின் மேல் படிந்தால் டவல் தண்ணீரைக் குடிக்காமல் தள்ளிக்கொண்டு போகும். கொதிக்கும் தண்ணீர், இஸ்திரிப் பெட்டி இரண்டும் வேண்டாம், சூட்டில் இழை முரடாகிவிடும். நிழலில் உலர்த்தி மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். என் டப்பாவின் மேல் மகள் 'பெயின்ட்', 'கண்ணாடி', 'சக்கரம்' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஒரு சின்னத் துணியை மட்டும் உள்ளே போடாமல் வெளியே வைத்திருங்கள். பத்து நிமிடம் கழித்து சைடு மிரர் மறுபடி வடியும்.